சூடான அலுமினியத்தைத் தண்ணீரில் போடும் கணக்கில் எனக்கு 55 டிகிரி வருகிறது, புத்தகத்தில் 34.4. எங்கே தப்பு?

உங்கள் கணக்கு: 100 டிகிரி சூட்டில் 200 கிராம் அலுமினியத் துண்டு, 25 டிகிரியில் 300 கிராம் தண்ணீர். 55 எப்படி வந்தது என்று தெரிகிறது. குளிக்க வெந்நீர் விளாவுகிற மாதிரி எடையை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் என்றால் அது சரி, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோ பொருள் ஒரு டிகிரி ஏறத் தேவையான வெப்பம்) இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் அடிபட்டுப் போகும். இங்கே ஒரு பக்கம் அலுமினியம்.

ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற சுமார் 4,200 ஜூல் வேண்டும், அலுமினியத்துக்கு 900 போதும். அப்படியானால் உங்கள் 300 கிராம் தண்ணீருக்கு டிகிரிக்கு 1,260 ஜூல், துண்டுக்கு 180. சரியாக ஏழு மடங்கு. துண்டு ஏழு டிகிரி இறங்கினால்தான் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும். 100-க்கும் 25-க்கும் நடுவில் இருப்பது 75 டிகிரி. அதை எட்டுப் பங்காக்கி, ஏழைத் துண்டுக்கும் ஒரு பங்கைத் தண்ணீருக்கும் கொடுங்கள்: தண்ணீருக்கு 9.4. ஆக 34.4. சமன்பாடே எழுதவில்லை, பாருங்கள்.

நான் இதைவிட மோசம். பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் தண்ணீரின் இறுதி வெப்பநிலை மைனஸ் 6.5 டிகிரி என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். வாத்தியார் பக்கத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: “இது தண்ணீரா, ஐஸா?”

கணக்கு, 30 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரில் 0 டிகிரி பனிக்கட்டி 100 கிராம் போடுவது. எடுத்த எடுப்பிலேயே ‘இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்’ என்று எழுதி, கட்டி முழுக்க உருகிவிடும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். முதலில் கையிருப்பைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் 0 டிகிரிக்கு இறங்கினால் கிடைப்பது 0.2 × 4,200 × 30, அதாவது 25,200 ஜூல். பனிக்கட்டி உருக கிலோவுக்கு 3,34,000 ஜூல், நூறு கிராமுக்கு 33,400. கையில் இருப்பது பத்தாது! சுமார் 75 கிராம் உருகும், மீதி 25 கிராம் மிதக்கும், எல்லாம் 0 டிகிரியிலேயே நிற்கும். உள்ளுறை வெப்பம் (வெப்பநிலை மாறாமல் உருகவோ ஆவியாகவோ வேண்டிய வெப்பம்) வருகிற கணக்கு எதுவானாலும் இந்த வரவு செலவைப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் சமன்பாட்டுக்கே போகிறேன்.

அப்புறம், வெப்பநிலை வித்தியாசத்தோடு 273-ஐக் கூட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். செல்சியஸில் 75 வித்தியாசம் என்றால் கெல்வினிலும் 75தான். தாமிரக் கலோரிமீட்டர் (தண்ணீர் இருக்கும் சோதனைப் பாத்திரம்) என்று கொடுத்து அதன் நிறையும் சொல்லியிருந்தால், அதையும் தண்ணீர் பக்கம் சேருங்கள். தாமிரம் ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 390 ஜூல். உங்கள் கணக்கில் பாத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் நானும் விட்டுவிட்டேன்.