சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவு ஒன்று, வழிகள் பல

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானத்தில் செல்லவிருக்கிறேன். இரு நகரங்களுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்? அதை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடுமா? போகும்போது பசிபிக் வழியாகவும் திரும்பும்போது ஐரோப்பா வழியாகவும் பறப்பதாகச் சொல்கிறார்களே, அது ஏன்?
– வாசகி ஒருவர், சிங்கப்பூர்

பதில்: சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்தையொட்டியே இருக்கும். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும் அதில் அடங்கும் என்பது ஒரு காரணம். விமானம் அந்தக் குறுகிய வழியில் பெரும்பாலும் பறப்பதில்லை என்பது அதைவிட முக்கியமான காரணம்.

சிங்கப்பூர் 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நியூயார்க் 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178, அதாவது உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே குறுகிய வழி கிழக்கும் அல்ல, மேற்கும் அல்ல. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான். தட்டையான வரைபடத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் ஓர் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

காற்றுதான் இந்த வழியை மாற்றுகிறது. விமானங்கள் பறக்கும் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்னும் வேகக்காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய வானில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அந்தக் காற்று பின்னிருந்து தள்ளினால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாகப் பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அதனால்தான் நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் பசிபிக்கைக் கிழக்கு நோக்கிக் கடக்கிறது. திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. அவ்வாறு அமைந்தால், போய்த் திரும்பும் பயணி உலகை ஒரு முறை முழுமையாகச் சுற்றிவிடுகிறார்! இரு நகரங்களும் எதிரெதிரே அமைந்திருப்பதால் கிடைக்கும் இந்த வாய்ப்பை நான் மிகவும் வியக்கிறேன்.

இத்தகைய பயணத்துக்கென்றே ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் அதில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அமைத்திருப்பவை 161 இருக்கைகள்தாம். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

நேரக் கணக்கில் கவனமாக இருங்கள். கோடையில் நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. கோடையில் நண்பகலில் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பயணம் செய்தால், அங்கே அதே நாள் மாலை 6.30 மணிக்கு இறங்குவீர்கள். பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், உங்களை அழைத்துச் செல்ல வருபவரிடம் அதில் உள்ள நேரத்தையே சொல்லுங்கள்.