கெல்லியைத் தாக்கிய படகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மவுண்ட்பேட்டன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1940 மே மாதம் அவருடைய ‘கெல்லி’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். டார்பிடோ வீசும் வேகப்படகு ஒன்றுதான் தாக்கியது என்று நான் படித்த நினைவு. எது சரி? இன்னொரு சந்தேகமும் உண்டு. மணிக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும் படகுகள் கையில் இருந்தும் ஜெர்மனியால் ஆங்கிலக் கால்வாயை ஏன் வசப்படுத்த முடியவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்வதே சரி. புத்தகத்தைப் புரட்டாமல் நினைவை நம்பி எழுதியதன் பலன் இது. மே 9 இரவு வடகடலில் கெல்லியைத் தாக்கியது எஸ்-31 என்ற படகு. டார்பிடோ கொதிகலன் அறையில் வெடித்து 27 பேர் இறந்தார்கள். கப்பல் ஒருபுறம் சாய்ந்து, மேல்தளம் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது. ‘புல்டாக்’ என்ற நாசகாரிப் போர்க்கப்பல் அதை வடம் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது, எஸ்-33 என்ற இன்னொரு வேகப்படகு இருட்டில் வந்து புல்டாக்கின் மீது மோதியது. மோதிய வேகத்தில் கெல்லியின் தாழ்ந்த தளத்தின் மேலேயே ஏறி உரசிக்கொண்டு போனது. அப்படியும் கெல்லி மூழ்கவில்லை. நான்கு நாள் இழுபட்டு, தான் கட்டப்பட்ட ஹெப்பர்ன் தளத்துக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிரீட் தீவருகே ஜெர்மன் விமானங்கள்தான் அதை மூழ்கடித்தன.

ஜெர்மானியர் இந்தப் படகை ‘ஷ்னெல்போட்’, அதாவது வேகப்படகு, என்றே அழைத்தார்கள். பிரிட்டிஷார் வைத்த பெயர் ‘ஈ-போட்’. இந்தப் போர்ப்படகின் மூதாதை ஓர் உல்லாசப் படகு என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். 1920களில் பிரேமன் அருகே ஃபேகஸாக்கில் இருந்த லூர்சென் நிறுவனம் ஓட்டோ கான் என்ற அமெரிக்க வங்கியாளருக்காக ‘ஓஹேகா 2’ என்ற படகைக் கட்டியது. 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர், வேகம் ஓடியது. முதல் உலகப்போருக்குப் பின் படைபலத்துக்கு வரம்பு விதித்த வெர்சாய் ஒப்பந்தத்தால் கை கட்டப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையின் கண் அதன்மேல் விழுந்தது.

அமெரிக்க, பிரிட்டிஷ் டார்பிடோ படகுகளின் அடிப்பாகம் தட்டையானது. வேகம் கூடினால் அவை நீரின் மேலே எழும்பி வழுக்கிச் செல்லும். அமைதியான கடலில் அது அழகு. வடகடலின் அலையில் முதுகெலும்பு நொறுங்கும். லூர்சென் கட்டிய படகின் வயிறு உருண்டை. நீளம் சுமார் 35 மீட்டர். மென்உலோகச் சட்டத்தின் மேல் மரப்பலகை. அது அலையைக் கிழித்துக்கொண்டு போகும். நடுச் சுக்கானின் இருபுறமும் இரண்டு சிறிய சுக்கான்கள் இருந்தன. ஓடும்போது அவற்றை வெளிப்புறமாகத் திருப்பினால், உந்துவிசிறிகளின் பின்னால் காற்றுப்பை ஒன்று உருவாகும். பின்பகுதி நீரில் புதையாது, வேகமும் கூடும். பெரிய இயந்திரம் வைத்து வேகத்தைக் கூட்ட யாருக்கும் தெரியும். சுக்கானைக் கொஞ்சம் கோணலாக்கிக் கூட்டியவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எரிபொருளும் முக்கியம். எதிரிப் படகுகள் பெட்ரோலில் ஓடின. தொட்டியில் ஒரு குண்டு பட்டால் தீப்பந்தம்தான். ஜெர்மானியர் டைம்லர்-பென்ஸ் டீசல் இயந்திரங்கள் மூன்றை வைத்தார்கள். ஒவ்வொன்றும் 2000 குதிரைசக்தி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. வேகப்படகின் வேட்டை பெரும்பாலும் அசையாமல் இருப்பதில்தான் இருந்தது. முழு வேகத்தில் ஓடும் படகு பின்னால் வெண்நுரைத் தடம் விடும். இரவில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். லண்டனுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் நார்ஃபோக், சஃபோக் கரையோரம் மிதவைகள் குறித்த ஒடுங்கிய பாதையில் வந்தாக வேண்டும். படகுகள் அங்கே இருளில் இயந்திரத்தை அணைத்துக் காத்துக் கிடந்தன. டார்பிடோ போன பிறகு தப்பி ஓடுவதற்குத்தான் அந்த வேகம்.

இருட்டை நம்பிய வேட்டைக்கு ராடார் எமனாக வந்தது. இருளிலும் பார்க்கும் கண் பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. ஜெர்மன் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. எண்ணிக்கையிலும் அவை எப்போதும் குறைவு.

ஆனாலும் 1944 ஏப்ரல் 28 அதிகாலையில் பிரான்சின் ஷெர்பூரிலிருந்து வந்த ஒன்பது வேகப்படகுகள் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் விரிகுடாவில் எட்டு அமெரிக்கத் தரையிறங்கு கப்பல்களைக் கண்டன. நார்மண்டிப் படையெடுப்புக்கான ஒத்திகை அது. உடன் வரவேண்டிய நாசகாரி மோதலில் சேதமடைந்து துறைமுகத்தில் நின்றது. எஞ்சிய காவல் கப்பலுக்கும் தரையிறங்கு கப்பல்களுக்கும் வானொலி அலைவரிசை ஒத்துப்போகவில்லை. காரணம், உத்தரவுத் தாளில் ஒரு தட்டச்சுப் பிழை. இரண்டு கப்பல்கள் மூழ்கின, ஒன்று சேதமடைந்தது. வீரர்கள் பலர் உயிர்காப்புப் பட்டையைக் கக்கத்தின் கீழ் கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகில் கனத்த மூட்டை. கடலில் குதித்ததும் தலைகீழாகக் கவிழ்ந்தார்கள். இறந்தவர்களாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 749 பேர். ஒன்பது படகுகளும் பத்திரமாகத் திரும்பின. பாதி வெற்றியை அந்தத் தட்டச்சுப் பிழையின் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 14 மாலை பிரிட்டிஷ் லான்காஸ்டர் விமானங்கள் பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. பத்துக்கும் மேற்பட்ட வேகப்படகுகள் கட்டிய இடத்திலேயே அழிந்தன.

லைம் விரிகுடாவுக்கு வந்த ஒன்பதில் எஸ்-130 மட்டும் இன்றும் மிஞ்சியிருக்கிறது. போருக்குப் பின் பிரிட்டிஷ் உளவுத்துறை அதே படகில் ஜெர்மன் மாலுமிகளை வைத்தே பால்டிக் கரையில் ஒற்றர்களை இறக்கியது. கட்டுரையில் ‘நீர்மூழ்கி’ என்ற சொல்லை நீக்கிவிட்டேன். திருத்தியவர் நீங்கள் என்று அடியில் குறித்திருக்கிறேன்.