புது சோபாவில் நூல் உருண்டைகள் வருவது ஏன்?

வாங்கிச் சில மாதமே ஆன சோபாவில் உருண்டை உருண்டையாகப் பிசிறு வருகிறதே, துணி மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. உட்கார்ந்து எழும்போது துணி உரசி, நூலுக்குள் சரியாகப் பிடிபடாத குட்டை இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சுற்றிக்கொள்கின்றன, இதுதான் பில்லிங். வெறும் பருத்தி என்றால் உருண்டை பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான இழை அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

உருண்டைகளைக் கையால் பிய்க்காதீர்கள், கூடவே புது இழையும் வந்துவிடும். துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து துணி ஷேவரை (உருண்டைகளை வெட்டியெடுக்கும் சிறு கருவி) அழுத்தாமல் ஓட்டுங்கள், தையல் ஓரத்தில் வேண்டாம். உதிரி இழை தீரத் தீர உருண்டை வருவதும் குறையும். சரி, அடுத்த முறை வாங்கும்போது பில்லிங் கிரேடு கேளுங்கள்: 5 என்றால் உருண்டையே இல்லை, 1 படுமோசம். தினமும் புழங்கும் சோபாவுக்கு 4-க்குக் கீழே நான் எடுக்க மாட்டேன்.