மட்கும் இலை, கட்டைகளில் வளரும் பூஞ்சைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காய்ந்த கிளை, உதிர்ந்த இலை, உளுத்த கட்டை என்று பலவற்றில் பார்த்த பூஞ்சைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், செத்த கிளையின் பட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன பூஞ்சை?

பதில்: படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எத்தனையோ பூஞ்சைகள் வெளியே இப்படித்தான் தெரியும். ஒரு புள்ளியைப் புது பிளேடால் சீவிவிட்டுக் கை லென்ஸில் பாருங்கள். நடுவில் குழியும் அதற்குள் வெளிறிய பசையும் தெரிந்தால் அதுதான் கனியுடல், அதாவது பூஞ்சை தன் ஸ்போர்களை (விதை போன்ற நுண்துகள்களை) உருவாக்கும் உறுப்பு. அந்தப் பசையை ஊசி முனையில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். சாயம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். ஸ்போரின் உண்மையான நிறமும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையும் தண்ணீரில்தான் ஒழுங்காகத் தெரியும்.

நீண்ட பைகளுக்குள், பெரும்பாலும் பைக்கு எட்டாக, ஸ்போர்கள் இருந்தால் அது ஆஸ்கோமைசீட்ஸ், அதாவது பைப்பூஞ்சை வகை. பையே இல்லாமல் சிறு காம்புகளின் நுனியில் ஸ்போர் உருவாகியிருந்தால் நீங்கள் பார்ப்பது கொனிடியா என்ற ஸ்போர்கள், அதாவது பூஞ்சை பாலினப் பெருக்கம் இல்லாமல் பெருகும் பாலிலா நிலை. பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சை கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அதன் கொனிடியாவில் ஐந்து செல்கள் இருக்கும். நடு மூன்றும் பழுப்பு, இரு முனைகளும் நிறமற்றவை, ஒரு முனையில் மெல்லிய இழைகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இன்னொன்று, அது எந்த மரத்தின் கிளை என்று நீங்கள் எழுதவே இல்லை. தாவரத்தின் பெயர் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பெயர் தெரியாவிட்டால் அதே மரத்தின் இலையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: உதிர்ந்த இலையில் வெள்ளை இழை மட்டும் படர்கிறது, ஸ்போரே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: வெறும் இழைக்குப் பெயர் வைக்க முடியாது. ஈரமான வடிதாளை ஒரு மூடிய பெட்ரி தட்டில் போட்டு, அதன் மேல் இலையை வைத்து தினமும் பாருங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. முதலில் வேகமாக வளரும் பூசணங்கள்தான் வரும். அவற்றைப் பார்த்ததும் இலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த இலைக்கே உரிய அருமையான பூஞ்சைகள் பல மெதுவாக, வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும்.

கேள்வி: பாடத்தில் டியூட்டிரோமைசீட்ஸ் என்று ஒரு வகுப்பு படித்தோம். இப்போது அது இல்லை என்கிறார்களே?

பதில்: ஆமாம், இல்லை. பாலினப் பெருக்கம் தெரியாத பூஞ்சைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டு வைத்த கூடை அது. இத்தாலியரான சக்கார்டோ 19-ஆம் நூற்றாண்டில் ஸ்போரின் நிறம், வடிவம், குறுக்குச் சுவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து இவற்றைப் பிரித்தார். அடையாளம் காண அந்த முறை இன்றும் கைகொடுக்கிறது, ஆனால் அது உறவுமுறையைச் சொல்லாது. டி.என்.ஏ. வந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்கோமைசீட்ஸைச் சேர்ந்தவை என்று தெளிவானது. ஒரே பூஞ்சையின் பாலின நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு இன்னொரு பெயர் என்ற வழக்கமும் 2013 ஜனவரி 1 முதல் முடிவுக்கு வந்தது. பழைய நூல்களில் ஒரே பூஞ்சைக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம், இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் டி.என்.ஏ. பார்த்தாலே போதாதா?

பதில்: போதாது. பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக 2012-இல் முன்மொழியப்பட்டது ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு. ஆனால் ஃபியூசேரியம் போன்ற பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க அது மட்டும் உதவாது, வேறு மரபணுக்களும் வேண்டும். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் டி.என்.ஏ. வரிசைகளும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்ததும் வரிசை சொல்வதும் ஒத்துப்போனால்தான் நான் பெயரை ஏற்பேன். பேரினம் வரை மட்டும் உறுதி என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் முழுமையான பதில்தான்.

கேள்வி: காய்ந்த கட்டையில் சின்ன வெள்ளை விசிறி, அடியில் செவுள் போன்ற தகடுகள் நீளவாக்கில் பிளந்திருக்கின்றன.

பதில்: அது சைசோஃபில்லம் கம்யூன் என்ற காளான். வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும், நனைந்தால் மறுபடி விரிந்து ஸ்போர் விடும்.

கேள்வி: மழைக்குப் பிறகு உளுத்த மரத்தில் மஞ்சள் கூழ் ஒன்று. காலையில் பார்த்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது!

பதில்: அது பூஞ்சையே இல்லை. கூழ்ப்பூஞ்சை என்று அழைத்தாலும் அமீபா பக்கத்து உறவு. ஃபூலிகோ செப்டிகாவாக இருக்கலாம்.

கேள்வி: கட்டையில் முளைப்பதைச் சாப்பிடலாமா அண்ணா?

பதில்: இங்கே எழுதுவதை வைத்து எதையும் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: எடுத்த மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஒரே நாளில் அழுகிவிடும். காகித உறையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். தேதி, இடம், தாவரத்தின் பெயர், இலையா பட்டையா கட்டையா என்பது எல்லாவற்றையும் அன்றே உறையின் மேல் எழுதிவிடுங்கள். பூசணம் பிடித்த குப்பையைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்கள். மட்கும் இலைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் தாராளமாக இருக்கும், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.