கணக்கேட்டுக்குள் இருக்கும் கடல்

கேள்வி: எனக்கு 39 வயது. தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் எழும்போதே, இன்றைய பொழுதும் நேற்றையதைப் போலத்தான் போகும் என்று தோன்றிவிடுகிறது. கணவர் கரைக்கு வந்தால், மீன் என்ன விலைக்குப் போனது என்பதற்கு மேல் பேச எங்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை. செல்போனில் ஊக்கப் பேச்சுகளைக் கேட்கிறேன்; கேட்கும்போது எதையும் சாதித்துவிடலாம்போல் இருக்கிறது, சோறு வடிப்பதற்குள் அந்த வேகம் போய்விடுகிறது. எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துவிட்டுப் போகும் தீவில் எனக்கு மட்டும் பார்க்க ஒன்றுமில்லை. 21 நாளில் வாழ்க்கையை மாற்றும் இணையவழிப் பயிற்சி என்று 4,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உறக்கம் கெட்டு, பசி குறைந்து, முன்பு பிடித்தவையெல்லாம் கசந்து, இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் கனத்தே இருக்கிறது என்றால், அது சலிப்பாக இல்லாமல் மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியானால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது. உங்கள் கடிதத்தின் தெளிவையும், அதில் ஆங்காங்கே தென்படும் குறும்பையும் பார்க்கையில் அவ்வாறு இருக்காது என்றே எண்ணி மேலே எழுதுகிறேன்.

ஊக்கப் பேச்சுகளைக் கேட்டு எழும் வேகம் சோறு வடிப்பதற்குள் போய்விடுவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்தப் பேச்சாளர் 'எழுந்து நில்' என்கிறார். எதைப் பார்ப்பதற்காக எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்லவும் அவரால் ஆகாது, ஏனெனில் அவருக்குத் தங்கச்சிமடத்தைத் தெரியாது, உங்களையும் தெரியாது. பற்றிக்கொள்ள ஒரு பொருள் இல்லாத உற்சாகம் எவரிடமும் நிலைப்பதில்லை. இதே காரணத்தினால்தான், ராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான அப்துல் கலாமின் கதையையும் இங்கே நான் எடுக்கப்போவதில்லை. அந்தத் தீவில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் அதை ஆண்டுவிழாக்களில் கேட்டுக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். உற்சாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவிட்டு, எனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

'எனக்கு எதையும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லையே' என்பீர்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவருடைய கருத்து. ஒன்றைப் பற்றி எதுவுமே அறியாதவருக்கு அதன்மேல் ஆர்வம் எழுவது அரிது. கொஞ்சம் அறிந்தவருக்கு எழுகிறது. பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்தால் பாலம் வழிவிடும் என்பது மட்டும் தெரிந்தவர் அதைக் கடந்து போய்க்கொண்டே இருப்பார். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலம் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது என்பதையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல் அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு நேராக ஏறுகிறது என்பதையும் ஒருசேர அறிந்தவருக்கோ, நூறாண்டுக்கு மேல் வேலை செய்த முறையை ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். ஆகவே ஆர்வம் வந்த பிறகு கற்கலாம் என்று இராமல், சிறிதளவு கற்று அதன்மூலம் ஆர்வத்தை வரவழைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் 'சிறிதளவு' எதில் என்பதற்குப் பாலம் வரைக்கும் போக வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பொறாமை உண்டாக்கியது நீங்கள் எழுதும் அந்தக் கணக்கேடுதான். பல ஆண்டுகளாக, நாள் தவறாமல், எத்தனை ஐஸ் பார்கள் போயின என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது வரவு செலவு. வெளியிலிருந்து பார்க்கும் எனக்கோ பாம்பன் கடலின் நாட்குறிப்பாகத் தெரிகிறது.

ஐஸ் இரண்டு வகையாகப் போகும் அல்லவா? கடலுக்குப் புறப்படும் படகுகள் கொண்டுபோவது ஒன்று. கரைக்கு வந்த மீனைப் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றுவதற்கு வியாபாரிகள் வாங்குவது மற்றொன்று. முதலாவது கடலை நம்பி மனிதர்கள் போட்ட கணக்கு, இரண்டாவது கடல் உண்மையில் கொடுத்த கணக்கு. இவை இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு மாதத்துக்குப் பாருங்கள். விசைப்படகுகள் வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகள் 4 நாளும் தொழிலுக்குப் போவது என்று உங்கள் பக்கத்தில் இருந்துவரும் ஏற்பாடு அதில் ஏற்ற இறக்கமாகத் தெரிகிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது விற்பனை எவ்வளவு இறங்குகிறது, நாட்டுப்படகுகள் அதை எவ்வளவு தாங்கிப் பிடிக்கின்றன? இடையில் வெறுமையாகக் கிடக்கும் நாள்களில் சில துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாள்களாக இருக்கும், சில வேலைநிறுத்தம் நடந்த நாள்களாக இருக்கும். எது எது என்று நினைவிலிருந்தே உங்களால் சொல்லிவிட முடியும் என்று எண்ணுகிறேன்.

இன்னும் சுவையான ஒன்று உண்டு. நிலாக் காலத்தில் மீன்பாடு குறையும், இருட்டுக் காலத்தில் கூடும் என்று மீனவர்கள் சொல்வதைப் பிறந்ததிலிருந்து கேட்டிருப்பீர்கள். அது எல்லா மீனுக்கும் பொருந்துமா, எல்லா வலைக்கும் பொருந்துமா, அல்லது சிலவற்றுக்குப் பொருந்துவதை எல்லாவற்றுக்குமாகச் சொல்லிவிடுகிறோமா? நாள்காட்டியைப் பார்த்து அமாவாசை, பௌர்ணமி நாள்களை உங்கள் தாளில் குறித்துக்கொண்டு, வியாபாரிகள் வாங்கிய ஐஸை அவற்றுக்கு நேரே எழுதினால் ஒரு விடை கிடைக்கும். அந்த விடை தெளிவாக இராது. விலை, விழா, விடுமுறை எல்லாம் வந்து குழப்பும். ஒரு மாதத்தில் சரியாக வந்தது அடுத்த மாதம் பொய்த்துப்போகும். ஏன் பொய்த்தது என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் இரவில், ஊக்கப் பேச்சு கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது.

ஒரு சிறு எச்சரிக்கை. ஏடு முதலாளியுடையது. அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். யார் எவ்வளவு வாங்கினார் என்ற பெயர்கள் உங்கள் தாளுக்கு வர வேண்டாம், மொத்த எண்ணிக்கையே போதும்.

கணவரோடு பேச ஒன்றுமில்லை என்ற வரியை நான் பலமுறை படித்தேன். அவர் இருக்கும் கடலைப் பற்றி மீன் விலைக்கு அப்பால் நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? குற்றம் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. கடற்கரை வீடுகளில் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவராத வழக்கம் இருக்கிறது என்பதையும், ஆபத்துகளைப் பெண்களிடம் சொல்லாமல் மறைக்கும் ஆண்கள் உண்டு என்பதையும் அறிந்தே கேட்கிறேன். உங்கள் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பெண்கடல்தான் கொந்தளிக்கிறது, தென்கடல் அடங்குகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறுகிறது. காற்று மாறும்போது படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். கச்சான் எந்த வாரத்தில் ஓயும் என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். கருவிகள் வருவதற்கு முன்னால், கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பனைக்கூட்டத்தையும் கடலில் இருந்தபடியே ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பார்த்து வலை விடும் இடத்தைக் கண்டுபிடித்தார்களே, அதை மாமனார் எப்படிச் செய்தார் என்று கணவரிடமே கேளுங்கள். ஆவுளியா என்று நீங்கள் சொல்லும் கடற்பசுவை அவர் உயிரோடு கண்டிருக்கிறாரா, அதன் மேய்ச்சலான கடற்புல் எங்கே அடர்ந்திருந்தது, இப்போதும் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் நாள் 'இதெல்லாம் உனக்கு எதுக்கு?' என்று சிரிப்பார். நிலாக் கணக்குத் தாளை அவர் முன்னால் வையுங்கள். தம் தொழிலைப் பற்றித் தவறாக ஒரு கணக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்டு திருத்தாமல் எழுந்துபோகும் மீனவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போகவும் வரவும் நடக்கும் சிறிது தூரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. கடல் ஏறி வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கடந்து போகும் உங்களுக்கு அதைப் பார்க்கும் வசதி மற்றவர்களைவிட அதிகம். மதுரை மல்லிகை என்று நாடெங்கும் பெயர் பெற்ற பூவின் நாற்றுகள் உங்கள் ஊர் மணலில் வேர்விட்டுப் போகின்றன. வேறெங்கும் வைத்துக்கொள்ளாமல் தங்கச்சிமடத்தில் ஏன் வைத்தார்கள் என்று நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவரிடம் நின்று கேட்டால், மணலைப் பற்றியும் அதன் அடியில் உள்ள தண்ணீரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவார்.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் ஒரு பெண்ணிடம், ஓய்வு நேரத்தில் ஓவியம் பழகுங்கள், வீணை பழகுங்கள் என்று எழுதுவது எளிது. அந்த ஓய்வை யார் தருவார்கள் என்று எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குள்ளேயே கேள்வியைத் தேடச் சொல்வது இதனால்தான். ஒரு 40 பக்க நோட்டு, நாளொன்றுக்கு இரண்டு வரி. எழுதாத நாள் எழுதாத நாளாகவே இருக்கட்டும். ஒரு கேள்வி சலித்துவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதில் தவறில்லை, ஒரே ஒரு நிபந்தனை: ஒரு பருவக்காற்று முடியும் வரையிலாவது ஒன்றோடு இருந்து பாருங்கள்.

இதனால் என்ன பயன் என்று யாரேனும் கேட்கக்கூடும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. ரோமானிய வணிகம் நடந்த காலத்துத் துறைமுகம் அது. கண்ணெதிரே வந்து போகும் கப்பலை உற்றுப் பார்த்து ஓட்டில் கீறிய அந்த ஆளிடமும் அன்றைக்கு யாராவது இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். அவருக்கு வேறு வேலை இல்லையா என்று வீட்டில் திட்டியும் இருக்கலாம். இன்று அந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தக் கீறலைச் சொல்லாமல் போவதில்லை. உங்கள் நோட்டு அப்படி ஆகும் என்று நான் ஆசை காட்டவில்லை. பயன் கருதாமல் உற்றுப் பார்ப்பது உங்கள் கரைக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

மகளை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பாடமாக ஆக்கிவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி நாள்களை வரைபடத்தாளில் குறித்துக் கோடு போடும் பொறுப்பை அவளிடம் விட்டுவிடலாம். உங்களைவிட வேகமாகப் போடுவாள், உங்கள் கூட்டலில் பிழையும் கண்டுபிடிப்பாள். தடைக்காலத்தில் கம்பெனியில் வேலை தளர்ந்திருக்கும் ஒரு நாளில் இருவருமாகப் பாலத்துக்கு அக்கரையில் உள்ள மண்டபம் ஊருக்குப் போய்வாருங்கள். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை அங்கேயே தலைமையிடத்தை வைத்திருந்தது, இப்போதும் அதன் மையம் அங்கே இயங்குகிறது. அதற்குள் உங்கள் தாளில் விடை கிடைக்காத கேள்விகள் இரண்டேனும் சேர்ந்திருக்கும். அவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்குக் கிடைக்கும் பதிலும் கேள்வியோடு போகிறவருக்குக் கிடைக்கும் பதிலும் வேறு.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பயிற்சியில் சேர வேண்டாம். 21 நாளில் வாழ்க்கை மாறும் என்று யாராலும் உறுதி தர இயலாது; 22-ஆம் நாள் மாறவில்லையே என்று கேட்டால், உங்கள் முயற்சி போதவில்லை என்றுதான் சொல்வார்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீதைக் காட்டி எழுத்துமூலமாகத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இன்னும் கட்டவில்லை என்றால் மண்டபம் போய்வர இருவருக்கும் ஆகும் பேருந்துச் செலவும் ஒரு நோட்டின் விலையும் போக, மிச்சத்தை மகளின் பெயரில் போட்டு வையுங்கள்.