வனத்துறையின் உச்சிக்குப் போனவர்கள் எந்த வழியில் போனார்கள்?

கேள்வி: விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஒரு வன உயிரின ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். வயது 27. வனத்துறையில் தலைமைப் பொறுப்பு வரை போக வேண்டும் என்பது ஆசை. வனவியல் பட்டம் இல்லாதது தடையா? பிஎச்.டி. முடித்துவிட்டு ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு எழுதினால் முன்னுரிமை கிடைக்குமா?

பதில்: பட்டம் தடையே இல்லை. உங்கள் வயதில் பிஎச்.டி.யை முதலில் வைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

இந்தத் துறையைத் தொடங்கியவர்களே வனவியல் படித்தவர்கள் அல்லர். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக வந்த ஹ்யூ கிளெக்ஹார்ன் ஒரு மருத்துவர். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலான டீட்ரிச் பிராண்டிஸ், ஜெர்மனியில் தாவரவியல் கற்பித்தவர். அன்றைக்கு வனவியலுக்கென்று இங்கே கல்லூரி ஏது?

பின்னாளைய நிலவரத்துக்கு அமெரிக்க வனச் சேவை நல்ல உதாரணம். அதன் தலைவர்களின் பணி வரலாறு பொதுவெளியில் கிடைக்கிறது. 1905-இல் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்சோ, பிரான்சின் நான்சி நகரில் வனவியல் பயின்றவர். அதன்பின் நெடுங்காலம் அந்த நாற்காலி பெரும்பாலும் வனவியலாளர்களுக்கே போயிற்று. 1993-இல் ஜேக் வார்ட் தாமஸ் வந்தார். அவர் வன உயிரின ஆய்வாளர். புள்ளி ஆந்தையின் வாழிடத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தலாமா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆந்தை குறித்த அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான். அடுத்து வந்த மைக் டோம்பெக் மீன்வள உயிரியலாளர். 2018-இல் விக்கி கிறிஸ்டியன்சன்: காட்டுத்தீ அணைக்கும் பணியில் தொடங்கி, இரு மாநிலங்களின் வனத் தலைவராக இருந்துவிட்டு வந்தவர். 2021-இல் ராண்டி மூர்: மண்ணியலாளர். 2025-இல் வந்த டாம் ஷுல்ட்ஸோ மர நிறுவனமொன்றின் துணைத் தலைவராக இருந்தவர். அதற்கு முன் ஐடஹோ மாநில நிலத் துறையின் இயக்குநர்.

ஆந்தைப் பிரச்சினை சூடாக இருந்தபோது உயிரியலாளர், தீ பெரும் தலைவலியானபோது தீயை அறிந்தவர், மர உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று அரசு நினைத்தபோது மரத் தொழிலிலிருந்து ஒருவர். எல்லா நியமனத்துக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பாடத்துக்கு மவுசு என்பதைக் காலம் மாற்றிக்கொண்டே இருக்கிறது என்பது தெளிவு. அதை முன்கூட்டியே கணித்துப் படிப்பது வீண் வேலை.

மாறாதது ஒன்று உண்டு. தாமஸ் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து நேரே தலைமைக்கு வந்தார்; அது விதிவிலக்கு. டேல் பாஸ்வொர்த், கெயில் கிம்பெல் (2007-இல் முதல் பெண் தலைவர்) போன்றோர் சரக அலுவலர், தேசியக் காட்டின் மேற்பார்வையாளர், மண்டல வன அதிகாரி என்று படிப்படியாக ஏறியவர்கள். மண்ணியலாளர் மூரும் கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய மண்டலத்தைப் பல ஆண்டுகள் நடத்திய பிறகே தலைவரானார். ஒரு நிலப்பரப்பு, அதற்கொரு வரவுசெலவு, அங்கே வேலை செய்யும் ஆட்கள், எதிர்த்து நிற்கும் ஊர்க்காரர்கள்: இவை அனைத்துக்கும் தானே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற அனுபவத்தைத்தான் மேலே இருப்பவர்கள் தேடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் அதற்கு ஈடாவதில்லை. ஆய்வாளர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் நிலைமை இதுதான்.

இந்தியாவில் கதவு இன்னும் குறுகலானது. 1966-இல் அமைக்கப்பட்ட இந்திய வனப் பணிக்குள் இளமையிலேயே நுழைந்தவர்கள்தான் பெரும்பாலும் உச்சிக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து நிபுணர் ஒருவரைக் கொண்டுவந்து மாநில வனத்துறைத் தலைவராக உட்காரவைக்கும் வழக்கம் இங்கே இல்லை. நுழைவுக்கான பாடப்பட்டியல் தாராளமானது: கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்ட பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். உங்கள் விலங்கியல் அதில் இருக்கிறது. பிஎச்.டி.க்கு என்று தனி மதிப்பெண் கிடையாது.

இப்போது வயதுக் கணக்குக்கு வருவோம். பொதுப் பிரிவினருக்கு உச்ச வரம்பு 32. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஓய்வு வயது 60. மாவட்ட வன அலுவலர், வனப் பாதுகாவலர், தலைமை வனப் பாதுகாவலர் எனக் கடந்து முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் நிலையைத் தொட ஏறத்தாழ 30 ஆண்டுப் பணி வேண்டும். துறைத் தலைவரை அந்த நிலையில் உள்ளவர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிஎச்.டி.யை முடித்து 32-இல் நுழைந்தால் 28 ஆண்டுகள்தான் மிஞ்சும். 28, 29-இல் நுழைந்தால் கணக்கு இடிக்காது. முனைவர் பட்டத்தைப் பணியில் சேர்ந்த பிறகு படிப்பு விடுப்பிலோ பகுதிநேரமாகவோ முடித்த அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாநிலத் தேர்வாணையம் வழியாக உதவி வனப் பாதுகாவலராகச் சேர்ந்து, பதவி உயர்வில் ஐ.எஃப்.எஸ். பெறும் வழியும் உண்டு. மதிப்பான வழிதான். ஆனால் அந்த உயர்வு கிடைக்கும்போதே வயது ஏறிவிடுவதால், அப்படிப் போனவர்கள் துறைத் தலைவர் நாற்காலியை எட்டுவது அரிது. இரண்டு தேர்வுகளையும் எழுதுங்கள். ஒன்றை நம்பி மற்றதை விடாதீர்கள்.

உள்ளே போன பிறகு, வன உயிரினப் பிரிவிலேயே இருந்துகொள்ள ஆசை வரும். குறைந்தது ஒரு முழுக் காலம் வழக்கமான வனக் கோட்டத்தை நடத்துங்கள். கோட்டத்துக்கான பத்தாண்டு வேலைத் திட்டத்தை எழுதும் பணி கிடைத்தால் தட்டிக்கழிக்க வேண்டாம். பலரும் அதை ஒதுக்கிவைத்த பணியாக நினைப்பார்கள். ஒரு காட்டை முழுதாகப் படிக்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அதன்பின் தில்லியில் அமைச்சகத்திலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ அயல்பணி (டெபுடேஷன்) பெற முயலுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: முதன்மைத் தேர்வுக்கு இரண்டு விருப்பப் பாடங்கள். ஒன்று விலங்கியல் என்றால் மற்றொன்றாக வனவியலை எடுப்பதைப் பரிசீலியுங்கள்; பிறகு பயிற்சியிலும் கைகொடுக்கும். கூடவே நடைப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்கள் அதே நேரத்தில் 14 கிலோமீட்டரும் நடக்க வேண்டும்.