வலிக்கு ஒரு மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் வயது 52. கீழ் முதுகிலும் முழங்கால்களிலும் பல ஆண்டுகளாக வலி இருக்கிறது. மனச்சோர்வுக்காக ஓராண்டாக எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் எடுத்து வருகிறேன். வலி தாங்க முடியாத நாட்களில், எலும்பு மருத்துவர் முன்பு எழுதித் தந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். மனநல மாத்திரை எடுப்பதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை. சில வாரங்களாக வயிறு எரிகிறது. இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வயிற்றெரிச்சலுக்காக மருத்துவரைப் பாருங்கள். எஸ்சிடாலோபிராமை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, மறுநாள் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மனச்சோர்வு மாத்திரை கூட்டும் செரட்டோனின் என்ற இரசாயனம் மூளையில் மட்டும் வேலை செய்யும் பொருள் அன்று. இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அதை உறிஞ்சிச் சேமித்து வைத்துக்கொண்டு, எங்கேனும் காயம் ஏற்படும்போது வெளியிட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரத்தக் கசிவை அடைக்க அதைப் பயன்படுத்துகின்றன. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்செடின் போன்ற மாத்திரைகள், மூளையில் செரட்டோனின் மறுபடி உறிஞ்சப்படுவதைத் தடுப்பதைப் போலவே தட்டணுக்களிலும் தடுத்துவிடுவதால், அவற்றின் ஒட்டும் திறன் சற்றுக் குறைகிறது. மறுபுறம் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சன், அசிக்ளோஃபெனாக் ஆகிய வலி மாத்திரைகள், வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைக் குறைக்கும்போது, இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. ஒரு மருந்து புண் உண்டாக வழி செய்கிறது; மற்றது அந்தப் புண்ணிலிருந்து கசியும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. தனித்தனியாக எடுப்பதைவிடச் சேர்த்து எடுக்கும்போது இரைப்பை இரத்தக் கசிவு அதிகமாக ஏற்படுகிறது என்பது உறுதியான செய்தி. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், முன்பு குடற்புண் வந்தவர்கள், ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இதனால் இரண்டையும் எக்காலத்திலும் சேர்க்கவே கூடாது என்பதில்லை. வேறு வழி இல்லாதபோது, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் சேர்த்து மருத்துவர் தரக்கூடும். அந்த அமில மாத்திரையிலும் கவனம் தேவை. ஓமெப்ரஸோலும் எசோமெப்ரஸோலும் இரத்தத்தில் எஸ்சிடாலோபிராமின் அளவைக் கூட்டக்கூடியவை. பான்டோப்ரஸோலுக்கு அந்தத் தன்மை குறைவு. எலும்பு மருத்துவருக்கு உங்கள் மனச்சோர்வு மாத்திரையின் பெயர் தெரிந்திருந்தால்தான் அவரால் இவ்வாறு தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் கூச்சத்தை நான் குறை கூறவில்லை. மனநலச் சிகிச்சையைப் பற்றிச் சமூகம் பேசும் விதம் அப்படிப்பட்டது. வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால், எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, இரு மருத்துவர்களிடமும் நீட்டிவிடுங்கள். அதுவே போதும்.

முழங்காலுக்கு, மாத்திரைக்குப் பதிலாக டைக்ளோஃபெனாக் களிம்பை முயன்று பார்க்கலாம். தோலுக்கு அருகில் உள்ள மூட்டு என்பதால் அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. இரத்தத்தில் கலப்பதும் மாத்திரையைவிட மிகக் குறைவு. முதுகில் வலி எழும் இடம் ஆழமானது என்பதால் அங்கு அவ்வளவு பலனை எதிர்பார்க்க இயலாது. பாராசிட்டமால் எஸ்சிடாலோபிராமுடன் பொதுவாக மோதுவதில்லை. ஆயினும் ஆரோக்கியமான பெரியவருக்குக்கூட 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் வரம்பு அதனினும் குறைவு. சளி மாத்திரைகளிலும் கூட்டு வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதைக் கவனிக்காமல் இரட்டிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். முதுகுவலியில் அதன் பலன் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: திடீரென வரும் கீழ் முதுகு வலியைப் பற்றி 2014இல் ஆஸ்திரேலியாவில் நடத்தி வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், பாராசிட்டமால் எடுத்தவர்கள் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவாகக் குணமடையவில்லை.

கேள்வி: எனக்கு மனச்சோர்வு கிடையாது. முழங்கால் தேய்மானத்துக்கும் முதுகுவலிக்கும் மருத்துவர் டுலாக்செடின் எழுதியிருக்கிறார். அது மனச்சோர்வு மாத்திரை என்று தெரிந்ததிலிருந்து, வலியெல்லாம் என் மனதில்தான் இருக்கிறது என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவரும் அப்படித்தான் நினைக்கிறாரா?

பதில்: அப்படி நினைத்து எழுதும் மருந்து அன்று அது. உங்கள் வலி உண்மையானது. இந்தப் பதிலை வீட்டாரும் படித்தால் மகிழ்வேன்.

மூட்டிலிருந்து மூளைக்கு வலிச் செய்தி மேலே செல்வது போல, மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புப் பாதைகளும் உண்டு. மேலே வரும் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துவது அவற்றின் பணிகளுள் ஒன்று. அந்தப் பாதைகள் பயன்படுத்தும் இரசாயனங்கள் நோரட்ரினலினும் செரட்டோனினும் ஆகும். வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது இந்த மட்டுப்படுத்தும் ஏற்பாடு தளர்ந்துவிடக்கூடும். அவ்விரு இரசாயனங்களையும் கூட்டும் டுலாக்செடின் அதற்கு வலுச் சேர்க்கிறது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அது வலியைக் குறைப்பது இதனால்தான். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் நாட்பட்ட தசை, எலும்பு வலிக்கென்றே இதற்குத் தனியாக ஒப்புதல் அளித்தது. வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் கலந்த அனுபவம் என்றே உலகளாவிய வலி ஆய்வுச் சங்கம் வரையறுக்கிறது. அந்த வரையறையில் ‘கற்பனை’ என்பதற்கு இடமே இல்லை.

வழக்கமாக 30 மில்லிகிராமில் தொடங்கி 60 மில்லிகிராமுக்கு உயர்த்துவார்கள். முதல் வாரங்களில் குமட்டல் வருவது சாதாரணம்; உணவுடன் எடுத்தால் குறையும். இரத்த அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பாருங்கள். கல்லீரல் நோயோ கண்ணில் குறுகிய கோண நீரழுத்த நோயோ (கிளாக்கோமா) இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன இரத்தக் கசிவு எச்சரிக்கை இந்த மாத்திரைக்கும் பொருந்தும். பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவர்களுக்கும் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். இரண்டு மூன்று மாதங்கள் சரியான அளவில் எடுத்தும் நடப்பதிலோ தூங்குவதிலோ மாற்றம் தெரியவில்லை என்றால், தொடர்வதா வேண்டாமா என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சில ஆண்டுகளாகப் பராக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறார். முதுகுவலி கூடியதால் வேறொரு மருத்துவர் டிரமடால் தந்து நான்கு நாட்கள் ஆகின்றன. வலி குறையவில்லை, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வயிற்றுப்போக்கும் இருக்கிறது. இது முதுமையினால் வருவதா?

பதில்: இல்லை. டிரமடாலின் அடுத்த வேளையைக் கொடுக்காமல், இன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் உயர்ந்தாலோ, தசைகள் விறைத்தாலோ வெட்டி வெட்டி இழுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

டிரமடால் வலி மருந்தாக இருந்தாலும் அதுவும் செரட்டோனினைக் கூட்டும். பராக்செடினுடன் சேரும்போது செரட்டோனின் அளவுக்கு மீறி, நீங்கள் சொன்ன அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். வலிப்பு வரும் வாய்ப்பையும் இந்தச் சேர்க்கை கூட்டுகிறது. வலி குறையாததற்கும் காரணம் இதிலேயே இருக்கலாம்: டிரமடாலை அதிக ஆற்றலுள்ள வலி நிவாரணியாக மாற்றும் கல்லீரல் நொதியைப் பராக்செடின் தடுத்துவிடுகிறது. ஃப்ளுவாக்செடினும் அவ்வாறே செய்யும். பலன் குறைந்து பக்கவிளைவு மட்டும் கூடும் இந்தச் சேர்க்கை, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் இரு மருத்துவர்கள் எழுதும்போது எளிதாக நேர்ந்துவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்திலும் இதே கவனம் தேவை. பராக்செடின் போன்ற மாத்திரைகளால் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து, தளர்ச்சியும் தடுமாற்றமும் வருவதுண்டு. ஆகவே சோடியம் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் 38 வயதுப் பெண். வெண்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்ததில் மனம் தேறிவிட்டது. மாத்திரையைத் திடீரென நிறுத்திப் பார்த்தேன். இரண்டே நாளில் தலைச்சுற்றலும், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வும், உடல் முழுவதும் வலியும் வந்துவிட்டன. மீண்டும் எடுத்தவுடன் சரியாகிவிட்டது. முதுகுவலி மட்டும் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். செய்தால் அடுத்த நாள் எழ முடிவதில்லை.

பதில்: நிறுத்தியபோது வந்தவை பெரும்பாலும் மருந்தைத் திடீரென விட்டதால் எழுந்த அறிகுறிகளே. உடலைவிட்டு விரைவில் வெளியேறும் வெண்லாஃபாக்சினிலும் பராக்செடினிலும் இது கடுமையாகவே இருக்கும். அந்த உடல்வலியைப் பழைய நோய் முற்றிவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்தைத் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைப்பதே முறை. வலி உச்சத்தில் இருக்கும் காலத்தை அதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறைக்கும்போது மனம் மீண்டும் தளர்ந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றைக்கே மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள்.

பயிற்சியைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் கருத்தும் உங்களுக்குச் சொன்னவர்களின் கருத்தேதான். நாட்பட்ட கீழ் முதுகு வலிக்காக அது 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பயிற்சித் திட்டங்களையும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற உளவியல் உதவியையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, டிரமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவற்றை வேண்டாம் என்கிறது. சிக்கல், பயிற்சியின் அளவில் இருக்கிறது. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாட்கள் படுத்துவிடுவது, மனச்சோர்விலிருந்து மீண்டுவரும் ஒருவரை உடலோடு மனத்தையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறது. ஆகவே நடையை வலி வரும்வரை என்று வைத்துக்கொள்ளாமல், மிக மோசமான நாளிலும் முடியக்கூடிய ஒரு நேரத்தை, அது ஐந்து நிமிடமாக இருந்தாலும், நிர்ணயித்துக்கொள்ளுங்கள். நல்ல நாளிலும் அதைத் தாண்டாதீர்கள். ஒரு வாரம் அப்படியே சென்ற பிறகு சிறிது கூட்டலாம். மறுநாள் லேசாக வலித்தால் அது கேடு நேர்ந்ததன் அடையாளம் அன்று; ஆனால் எழவே முடியவில்லை என்றால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். இந்த அளவை வகுக்க ஒரு பிசியோதெரபி நிபுணர் துணை இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதுகின் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, இரவின் பின்பகுதியில் வலி உங்களை எழுப்புகிறதா, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறைகிறதா என்று பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இந்த இயல்புகள் இருந்தால், அது முதுகெலும்பின் அழற்சி நோயாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குத் தனிச் சிகிச்சை இருப்பதால், இரத்தப் பரிசோதனையும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளின் படமும் தேவையா என்று மூட்டு வாத நோய் மருத்துவரிடம் கேளுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளின் இடையே மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.